துரை மென்ற இலை

போன ஆவணியில் நடராசா என்ற இளைய அளவையாளர் என் வீட்டுக்கு வந்து ஒரு படத்தை மேசையில் விரித்தார். நான் ஓய்வுபெற்று வந்த அதே அளவைக் கந்தோரில் இப்போது வேலை பார்க்கிறவர் அவர். உலக யுத்த காலத்தில் விமானத்திலிருந்து பிடித்த படமாம். மட்டக்களப்பு வாவியும் கரையும் வயலும் தென்னந்தோப்பும் அதில் சாம்பலும் கறுப்புமாகக் கிடந்தன. குருக்கள்மடத்துக்கு மேற்கே வாவிக்கரையை ஒட்டி ஓடிய ஒரு சாம்பல் பட்டையில் அவர் விரலை வைத்தார்.

"ஐயா, பழைய பிளானில இது வயல். கீறினவர் எண்டு உங்கட பேரும் கிடக்கு. இந்தப் படத்தில பாத்தா ஆறு மாதிரி இரிக்கு. எது சரி?"

எங்கள் பக்கத்தில் வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வோம். அந்தப் பட்டை வயலா, ஆறா? எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்தக் கேள்வியிலிருந்து தப்பத்தானே மனிதன் ஓய்வுபெறுகிறான்! சாய்மனைக் கதிரையில் காலை நீட்டி ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

"இரிங்க மனே, கோப்பியக் குடியுங்க. அது ஒரு இலையில வந்த வினை" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லச் சொல்ல எனக்குத் தெளிவு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குப் பயிற்சி தியத்தலாவையில். மலைக்குளிரில் பல்லுக் கிட்டிக்கொண்டு அளவுச் சங்கிலி பிடிக்கவும், தியோடலைற் கருவியை மட்டம் வைக்கவும், கோணத்தைக் கணக்காக்கவும் பழகினோம். பிழைத்தால் ஏச்சு, சரியாகச் செய்தால் ஒன்றுமில்லை. அங்கே எல்லை என்றால் கல். கல் இல்லாவிட்டால் ஓடை. மலையில் ஓடை தன் பாட்டில் ஒரே இடத்தில் ஓடும். இதைப் படித்துக்கொண்டு மட்டக்களப்புச் சேற்றில் வந்து இறங்கினேன். சேற்றுக்கு என் படிப்பு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது எங்களுக்குக் கிடைத்த வேலை இதுதான். வாவிக்கரையில் இருக்கும் தனியார் வயல்களை வாவியிலிருந்து பிரித்து எல்லை போட வேண்டும். வயல் முடிகிற இடம்வரைக்கும் ஆட்களுக்கு. ஆறு தொடங்குகிற இடத்திலிருந்து அரசாங்கத்துக்கு. எழுதும்போது எவ்வளவு இலகுவாக இருக்கிறது! மாரியில் வெள்ளம் ஏறினால் ஆறு ஊருக்குள்ளே வந்து கோழிக்கூட்டைக் கொண்டுபோகும். வெயிலில் அதே ஆறு எங்கோ தூரத்தில் மினுங்கும். நிலக்காரரைக் கேட்டால், "ஆறா? அது அங்கால கிடக்கு" என்று அடிவானத்தைக் காட்டுவார். வலைக்காரரைக் கேட்டால், "அவர்ட அடுப்படி வரைக்கும் ஆறுதான்" என்பார். இரண்டு பேரும் கோயில் திசையைப் பார்த்துச் சத்தியம் பண்ணுவார்கள்.

இந்தக் குழப்பத்தை ஒரே ஒரு மனிதர் தீர்த்து வைத்திருந்தார். அவர்தான் என் மேலதிகாரி லியோன் துரை. புளியந்தீவில் பிறந்த பறங்கியர். வீட்டில் பறங்கிப் பாஷை, கந்தோரில் இங்கிலீஷ், எங்களோடு அச்சொட்டான மட்டக்களப்புத் தமிழ். நெடிய மனிதர், வெள்ளைக் காற்சட்டை, எந்தச் சேற்றில் இறங்கினாலும் முழங்காலுக்கு மேல் ஒரு பொட்டு அழுக்குப் படாது. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருடைய முறையைச் சொல்லுகிறேன். வாவிக்கரை நிலம் எங்கும் தரையோடு தரையாக ஒரு பூண்டு படர்ந்து கிடக்கும். கோடையிலும் காயாது, மாரியிலும் அழுகாது, வருடம் முழுக்கப் பச்சை. கணுவுக்குக் கணு வேர் விட்டு, கால் வைக்க மண் தெரியாமல் பாய் விரித்துவிடும். சில இடத்தில் அதன் இலை மெல்லிசாக, நல்ல பச்சையாக இருக்கும். அது பொடுதலை, நிலத்துப் பூண்டு என்றார் துரை. சில இடத்தில் இலை சிறுத்து, தடித்து, ஊதா ஓடிப்போய் இருக்கும். அது உப்புப்பூண்டு, ஆற்றுப் பூண்டு என்றார். பொடுதலை கிடந்தால் வயல். உப்புப்பூண்டு கிடந்தால் ஆறு. எது எது என்று கண்ணால் மட்டும் முடிவு கட்டமாட்டார். வாயில் போட்டுப் பார்ப்பார்.

அது ஒரு பூசை மாதிரி நடக்கும். முதலில் யாரும் வெற்றிலை போடக் கூடாது, சுருட்டுப் பற்றக் கூடாது. சங்கிலிக்காரர் முதல் ஊர்த் தலைவரான விதானையார் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். துரை தோளில் தொங்கும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாயைக் கொப்பளிப்பார். குனிந்து, நுனியிலிருந்து ஒரு கொழுந்து விட்டு அடுத்த இலையைக் கிள்ளுவார். லேஞ்சியால் இரண்டு பக்கமும் துடைப்பார். தூசியில் ஒட்டிய உப்பு கணக்கில் வரக் கூடாதாம். ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மெல்லுவார். கண் மூடியிருக்கும். பிறகு துப்பிவிட்டு ஒரே ஒரு சொல் சொல்லுவார். "நிலம்" அல்லது "ஆறு." அந்தச் சொல் விழுந்த இடத்தில் நான் எல்லை முளை அடிப்பேன்.

"மனிசன் பொய் சொல்லுவான் நல்லதம்பி. பூண்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார் என்னிடம். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? வேறு ஒரு வழியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லையே.

ஒருநாள் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. உப்புப்பூண்டின் இலையை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒடுங்கி, நுனிப் பக்கம் மட்டும் வாள்பல்லு மாதிரி வெட்டு. பொடுதலை இலையை எடுத்துப் பார்த்தேன். அதிலும் நுனிப் பக்கம் அதே வெட்டு.

"துரை, ரெண்டுக்கும் பல்லு ஒரே மாதிரி இரிக்கு" என்றேன்.

"குரங்குக்கும் பல்லு இரிக்கு, உனக்கும் பல்லு இரிக்கு. ரெண்டு பேரும் ஒண்டா?" என்றார். சங்கிலிக்காரர் சிரித்தார்கள்.

அமிர்தகழிப் பக்கம் தம்பிமுத்து என்று ஒருவர் இருந்தார். அவருடைய வயலின் கீழ்ப்பாதியில் துரை இலையை மென்றுவிட்டு "ஆறு" என்றார். பிறகு, நியாயமான மனிதர் அல்லவா, ஒரு இலையைக் கிள்ளித் துடைத்துத் தம்பிமுத்துவிடமே நீட்டினார். "நீயே சொல்லு. உப்பா இல்லயா?"

தம்பிமுத்து மென்றார். நல்ல நேரம் மென்றார். அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "ஓம் துரை. உப்புத்தான்" என்றார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய அரைவாசி வயல் அப்படிப் போனது.

அதற்குப் பிறகு வந்ததுதான் குருக்கள்மடத்துக் காணி. நடராசா விரல் வைத்த அந்தச் சாம்பல் பட்டை.

காணி கனகம்மா என்பவருடையது. புருசன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளோடு போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். கனகம்மா மூத்தவளுக்கு மேட்டு வயலை எழுதிக் கொடுத்துவிட்டார். இளையவள் பவளத்துக்கு மிஞ்சிக் கிடந்தது வட்டை என்கிற ஆற்றோர வயல்வெளியில் இந்த ஒரு துண்டு. அதுவும் புருசன் போனபிறகு வெள்ளாமை செய்ய ஆளில்லாமல் பூண்டு மூடிப்போன துண்டு. களுவாஞ்சிக்குடியில் மாப்பிள்ளை பேசியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தார்கள்: "அளவுகாரர் வந்து அது நிலமெண்டு சொல்லட்டும். மறுகா நாள் பாப்பம்."

நாங்கள் போன அன்று நல்ல ஆவணி வெயில். கனகம்மா மரநிழலில் இருந்தார். பவளம்தான் வட்டைக்கு நடுவில் வந்து நின்றாள். இடுப்பில் கை. துரை கொப்பளித்தார், கிள்ளினார், துடைத்தார், மென்றார். துப்பினார்.

"ஆறு."

நான் முளையை எடுத்தேன். பவளம் வந்து என் முன்னால் நின்றுகொண்டாள்.

"என்ன துரை சொன்னீங்க?"

"இது ஆறு புள்ள."

"ஆறா? அப்ப நான் எங்க நிக்கிறன்? ஆத்துக்குள்ளயா? என்ட கால் நனையல்லயே!"

சங்கிலிக்காரர் ஒருவர் கொல்லென்று சிரித்தார். துரை திரும்பிப் பார்த்ததும் அவர் இருமினார்.

"புள்ள, இது உப்புப்பூண்டு. ஆத்துத் தண்ணி இல்லாத இடத்தில முளைக்காது."

"ஆடு மாதிரி ஒரு இலையத் திண்டுபோட்டு, எனக்கு எழுதப்போற வயல ஆறெண்டு சொல்லுறீங்களே, இது ஞாயமா? எனக்கு இருக்கிறது இது ஒண்டுதான் துரை!" கடைசிச் சொல்லில் அவளுக்குக் குரல் உடைந்தது. உடனே அதை மறைக்கக் கோபப்பட்டாள். "சும்மா போங்ககா!"

துரைக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. "சரி. இது என்ன பூண்டெண்டு நீ சொல்லு."

"எனக்கெங்க தெரியும்? எங்கட வயல்ல கிடக்கிற பூண்டு."

அதற்குள் கனகம்மா எழும்பி வந்தார். "பொடுதலை துரை. தலையில பொடுகு வந்தா இதத்தான் எண்ணெயில காய்ச்சிப் பூசுறம்." விதானையார் தலையை ஆட்டினார். "பொடுதலை மெல்லிசா இரிக்கும் கனகம்மா. இது வேற சாதி." வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையால் போன ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உப்புப்பூண்டு. வேறென்ன?" நான் என் கையிலிருந்த இலையைப் பார்த்தேன். அதே பல்லு. ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது, பாதி வெயிலால், பாதி இலையால்.

துரை நாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு அவராகவே சொன்னார்: "ரெண்டு பூண்டா, ஒரு பூண்டா எண்டு பாத்திருவம்."

அவர் சொன்ன வழி இது. அந்த வட்டையிலிருந்தே இரண்டு கொத்துப் பூண்டை மண்ணோடு வெட்டி எடுப்பது. இரண்டு சட்டியில் வைப்பது. ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதற்கு ஆற்றுத் தண்ணீர். உண்மையில் அது உப்புப்பூண்டு என்றால், கிணற்றுத் தண்ணீரில் வாடிப்போகும், இல்லாவிட்டால் தடித்த இலையோடு அப்படியே கிடக்கும். பொடுதலை என்றால் இலை மெலியும். அதுவரைக்கும் முளை அடிப்பதில்லை.

இனிச் சண்டை சட்டியை எங்கே வைப்பது என்பதில். தான் தங்கியிருக்கும் வீட்டில் வைக்கிறேன் என்றார் துரை. "வைப்பீங்க, ரெண்டுக்கும் உப்பப் போடுவீங்க" என்றாள் பவளம். உன் வீட்டில் வைத்தால் நீ இரண்டுக்கும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவாய் என்றார் துரை. கடைசியில் விதானையார் வீட்டு முற்றத்தில் வைப்பதென்று முடிவானது. ஆடு மேயாமல் இரண்டு சட்டியையும் நெருக்கி வைத்து மேலே ஒரு பெரிய பிரம்புக் கூடையைக் கவிழ்த்தோம். காற்றும் வெயிலும் கூடைக் கண்ணால் போகும்.

விதானையார் பட்ட பாட்டை அவர் வாயால் கேட்க வேண்டும். "ஊரில களவு நடக்கட்டும், வெட்டுக்குத்து நடக்கட்டும், நான் ரெண்டு சட்டிக்குக் காவல்! ஆண்டவனே, அரசாங்கக் கச்சேரியில ஆரும் கேட்டா என்னத்தச் சொல்லுறது?" பவளம் தினமும் வந்து கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். கனகம்மா கோயிலில் நேர்த்தி வைத்தார். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஆள் வந்து, "என்னவாம், நிலமா ஆறா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் மற்றக் காணிகளை அளந்துகொண்டு திரிந்தேன். எந்த இலையைப் பார்த்தாலும் பல்லு இருக்கிறதா என்று பார்க்கும் நோய் பிடித்துவிட்டது. சோற்றில் போட்ட கீரையைக்கூட விடவில்லை.

இலை மாற நாள் எடுத்தது. ஒரு காலையில் விதானையார் ஆள் அனுப்பினார். எல்லாரும் முற்றத்தில் கூடினோம். கூடையைத் தூக்கினார்கள்.

ஆற்றுத் தண்ணீர்ச் சட்டியில் பூண்டு அப்படியே இருந்தது. சிறுத்து, தடித்து, ஊதா ஓடி. கிணற்றுத் தண்ணீர்ச் சட்டியில் புதிதாக வந்த இலையெல்லாம் மெல்லிசு, பச்சை. நெருப்புக்குச்சித் தலையளவில் வெள்ளையும் ஊதாவுமாகப் பூவும் வந்திருந்தது. கனகம்மா "பொடுதலை!" என்று கையைத் தட்டினார். ஆனால் என்னை விறைக்க வைத்தது அது இல்லை. ஆற்றுத் தண்ணீர்ச் சட்டியிலிருந்து ஒரு கொடி விளிம்பைத் தாண்டி, பக்கத்துச் சட்டியில் இறங்கி வேர் பிடித்திருந்தது. ஒரே தண்டு. இந்தச் சட்டியில் தடித்த இலை, அந்தச் சட்டியில் மெல்லிய இலை.

துரை கொப்பளித்தார். இந்தப் பக்கத்து இலையை மென்றார். "உப்பு." மறுபடி கொப்பளித்தார். அதே கொடியில் அந்தப் பக்கத்து இலையை மென்றார். கண்ணைத் திறக்க நேரமெடுத்தது. "உப்பில்ல" என்றார். பிறகு விதானையார் வீட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காற்சட்டையில் மண் பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு பூண்டே கிடையாது. பொடுதலை ஒன்றுதான். தண்ணீர் உப்பானால் இலை தடித்து உப்பாகும், தண்ணீர் நன்றானால் மெலிந்து உப்பு இல்லாமல் போகும். ஆறு எது, வயல் எது என்று அந்த இலைக்குத் தெரியவே தெரியாது.

"மாரிக்கு வந்தீங்க எண்டா" என்றாள் பவளம், கிணற்றுத் தண்ணீர்ச் சட்டியைக் காட்டி, "வெள்ளம் இறங்கின கையோட எங்கட வட்டை முழுக்க இந்தா, இப்பிடித்தான் கிடக்கும்."

"மாரியில நாங்க வாறல்ல புள்ள" என்றார் துரை.

"ஏன்?"

"சங்கிலி சேத்தில புதையும். தியோடலைற் நனையும்."

சொல்லி முடித்ததும் அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் எப்போதும் வெயிலில் மட்டுமே அளப்பவர்கள். வெயிலில் ஆற்றுத் தண்ணீர் உப்பேறிக் கிடக்கும். அது ஊறிய ஓரமெல்லாம் உப்பு. எத்தனை வருடமாக எத்தனை ஓரத்தில் அவர் மென்று துப்பி "ஆறு" என்றார்? அவர் மென்றது நிலத்தை இல்லை, காலத்தை.

சரி, பூண்டு போயிற்று. அப்படியென்றால் பவளத்தின் வட்டை நிலமா, ஆறா? அதை எதை வைத்துச் சொல்வது? துரை எழும்பி, "மம்பட்டி எடுங்க" என்றார். வட்டையில் ஒரு ஓரத்திலிருந்து பூண்டைச் சங்கிலிக்காரர் சீவிக்கொண்டு போனார்கள். பாய் சுருட்டுகிற மாதிரி அது சுருண்டு வந்தது. அடியில் பழைய வரம்பு! வளைந்து போகும் வரம்பும், தண்ணீர் திறந்துவிட வெட்டிய வக்கடையும் அச்சுக் குலையாமல் கிடந்தன. கனகம்மாவின் புருசன் வெட்டிய வக்கடை. கனகம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வரம்பைப் பிடித்துக்கொண்டே போனோம். அது நேரே ஆற்றுக்குள் இறங்கியது.

"துரை, வரம்பு தண்ணிக்குள்ள போகுதே?" என்றேன்.

"போகட்டும்."

"அப்ப ஒரு காலத்தில ஆறும் வயலா? இல்லாட்டி வயலும் ஆறா?"

"என்னக் கேக்காத நல்லதம்பி."

துரை தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். முழங்கால் நனையும்வரை நடந்து, அங்கே நின்று, "இஞ்ச" என்றார். நான் முளை அடித்தேன். எந்தக் கணக்கில் அந்த இடம் என்று பிறகு கேட்டேன். "எனக்குக் களைச்ச இடம்" என்றார். அந்தப் பிளானைத்தான் நான் கீறினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அதன்படி பவளத்தின் துண்டு முழுவதும் நிலம். சரியா பிழையா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது.

பவளம் வரம்பில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஏதோ யோசித்தவள் மாதிரி, "துரை, அப்ப முந்தி நீங்க வாயில போட்டுப் பாத்த மத்த நிலமெல்லாம்?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். துரை தண்ணீரிலிருந்து கரைக்கு வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

வண்டியில் திரும்பும்போது, "அந்த அமிர்தகழி மனிசன்ட பேர் என்ன?" என்றார்.

"தம்பிமுத்து துரை."

அவர் மேலிடத்துக்கு எழுதினார். முடிந்த பிளானைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது. அதோடு விடவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு தம்பிமுத்துவைத் தேடிப் போனார். தம்பிமுத்து எங்களைப் பாயில் இருத்தி இளநீர் வெட்டித் தந்தார். துரை சட்டிக் கதையை முழுவதும் சொன்னார். பிழை தன்னுடையது என்றும் சொன்னார். தம்பிமுத்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெரிய மனிதருக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று தவித்தார்.

"அண்டைக்கு உப்பாத்தானே இரிந்திச்சு துரை. நானும்தானே திண்டு பாத்தன்."

துரை அதற்குப் பிறகு எந்த இலையையும் வாயில் வைக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு நான் வந்தேன். எனக்கென்று ஒரு முறையும் இருக்கவில்லை. சாட்சியைக் கேட்டேன், வரம்பைத் தேடினேன், குழம்பினேன், முளை அடித்தேன். எல்லாம் வெயில் காலத்தில்தான். மாரியில் சங்கிலி புதையும் அல்லவா?

இவ்வளவும் நடராசாவுக்குச் சொன்னேன். நல்ல பிள்ளை, கோப்பி ஆறிப்போகும்வரை கேட்டார். பிறகு எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. "மனே, இந்தப் படம் எந்த மாசம் பிடிச்சது?"

"வெயிலிலதான் ஐயா. மாரியில முகில். மேலயிருந்து ஒண்டும் தெரியாது."

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, போவம்" என்றேன்.

பவளத்தை உடனே அடையாளம் தெரிந்தது. அதே வட்டை, அதே இடுப்பில் கை. பக்கத்தில் அவளுடைய மகள், அன்றைக்குத் தாய் இருந்த வயதில். அந்தப் பிள்ளைக்கும் கலியாணம் பேசியாயிற்றாம். எழுதிக் கொடுக்க இந்தத் துண்டுதான் இருக்கிறதாம். வெள்ளாமை வெட்டிய வயலில் பூண்டு மறுபடி படர்ந்து, சிறுத்து, தடித்து, ஊதா ஓடிக் கிடந்தது.

"ஐயா, இன்னும் உசிரோட இரிக்கிறீங்களா!" என்று சிரித்தாள். நடராசாவின் கையிலிருந்த படத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "என்ன, ஆறெண்டு சொல்ல வந்தீங்களா?"

நான் குனிந்து ஒரு இலையைக் கிள்ளினேன். ஏன் கிள்ளினேன் என்று கேட்காதீர்கள். வேட்டித் தலைப்பால் துடைத்து வாயில் போட்டேன். உப்பு. நல்ல உப்பு. எனக்கு எல்லாம் தெரியும், சட்டி தெரியும், கொடி தெரியும், வக்கடை தெரியும். ஆனாலும் வாயில் அந்த உப்பு இருக்கும்போது "நிலம்" என்ற சொல் வெளியே வரமாட்டேன் என்கிறது.

நடராசா பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். "சொல்லுங்க ஐயா. நிலமெண்டு எழுதவா, ஆறெண்டு எழுதவா? மாச முடிவுக்குள்ள குடுக்கணும்."

நான் மென்றுகொண்டே நின்றேன். பவளம் என்னைப் பார்த்தாள். பிறகு நடராசாவிடம் திரும்பினாள்.

"தையில வாங்க மனே. வெள்ளம் இறங்கி வரம்பெல்லாம் பூண்டு பூத்துக் கிடக்கும், வந்து பாத்துப்போட்டு எழுதுங்க. அவரிட்டக் கேக்காதீங்க. அவரும் வெயிலுக்கு வாற ஆள்தான்."